மூக்கு மறந்தாலும் எலும்பு மறக்காது: பென்சீன் என்னும் நஞ்சு



ஒரு நாள் பள்ளியில் மீன்தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தோம். அழுக்குத் தண்ணீரை வெளியேற்ற ஒரு ரப்பர் குழாயை உள்ளே விட்டோம். மறுமுனையிலிருந்து தண்ணீரை எப்படி வரவழைப்பது என்று மாணவர்களைக் கேட்டோம். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் முன்னால் வந்தான். "ஐயா, எனக்குத் தெரியும். வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். புல் வெட்டும் மிஷினுக்கு மோட்டார் சைக்கிளிலிருந்து அப்பா இப்படித்தான் பெட்ரோல் எடுப்பார். வாய்க்குள் வந்ததும் துப்பிவிட வேண்டும்" என்றான். அருகில் நின்றவர்களில் பாதிப்பேர், "எங்கள் வீட்டிலும் அப்படித்தான்" என்றார்கள். "நானே எடுத்திருக்கிறேன்" என்று ஒருவன் பெருமையோடு சொன்னான்.

அவர்களைக் கண்டிக்க வாயெடுத்தோம். ஆனால் அதற்கு முந்தின விடுமுறையில் நாம் செய்தது நினைவுக்கு வந்துவிட்டது. வகுப்பறைக்குச் சாயம் பூசியபின், கையில் ஒட்டியதைப் போக்க ஒரு கிண்ணத்தில் பெட்ரோலை ஊற்றி, நாமும் கை கழுவினோம், உதவிக்கு வந்த பிள்ளைகளையும் கழுவச் சொன்னோம். பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்கள் என்று பெயர். ஆனால் அந்தக் கிண்ணத்தில் இருப்பது என்னவென்று அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளும் எண்ணத்தோடுதான் இன்றைய பேச்சுக்கு வந்திருக்கிறோம்.

பெட்ரோல் தனியான ஒரு பொருள் அன்று. பல திரவங்களின் கலவை. அவற்றுள் ஒன்றின் பெயர் பென்சீன். நிறமற்றது, சற்றே இனிய வாடை உடையது, விரைவில் ஆவியாவது, எளிதில் தீப்பற்றுவது. 1825ஆம் ஆண்டில் இலண்டனில் மைக்கேல் ஃபாரடே என்னும் அறிவியலறிஞர் இதை முதலில் பிரித்தெடுத்தார். பின்னர் நிலக்கரித் தாரிலிருந்தும், அதற்கும் பின்னர் கச்சா எண்ணெயிலிருந்தும் பெருமளவில் எடுக்கலானார்கள். பிளாஸ்டிக், நைலான், சலவைத் தூள் முதலியவற்றைச் செய்ய இன்றும் இது மூலப்பொருளாக உதவுகிறது. தொழிலுலகம் இதை விட்டுவிட முடியாது. மூடிய குழாய்களுக்குள்ளும் கலன்களுக்குள்ளும் இருக்கும்வரை இது வேலைக்காரன். வெளியே வந்து நம் மூச்சோடு கலந்தால் நஞ்சு.

நம் வீட்டருகில் இது எங்கே இருக்கிறது? முதலாவது பெட்ரோல். பெட்ரோலில் பென்சீன் 100 பங்குக்கு ஏறத்தாழ 1 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று பல நாடுகள் வரம்பு கட்டியிருக்கின்றன. இரண்டாவது வண்டிப் புகை. மூன்றாவது சிகரெட் புகை. புகைபிடிப்பவருடைய உடலில் சேரும் பென்சீனில் பெரும்பகுதி சிகரெட்டிலிருந்தே வருகிறது. நான்காவது, சிலவகைப் பசைகளும் தின்னர்களும். இவற்றில் பென்சீன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெயர்ச்சீட்டு இல்லாத தகரத்தில் இருப்பதை யாரும் அறிய முடியாது.

இனி, இது உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் மூச்சின் வழியாக நுழைகிறது. தோலின் வழியாகவும் ஓரளவு நுழைகிறது. இரத்தத்தோடு கல்லீரலுக்குப் போகிறது. அங்கே உடல் அதை வெளியேற்றும் நோக்கத்தோடு வேறு பொருள்களாக மாற்றுகிறது. அப்படி மாறிய பொருள்களில் சிலதான் எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையைத் தாக்குகின்றன.

மஜ்ஜை என்றால் என்ன? தோட்டத்து மக்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். மரக்கன்று வளர்க்கும் நர்சரியை எல்லாரும் பார்த்திருக்கிறோம். மஜ்ஜைதான் நம் இரத்தத்தின் நர்சரி. காற்றிலுள்ள உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணுக்கள், நோய்க்கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்கள், காயத்தில் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஆகிய மூன்றும் அங்கேதான் முளைத்து வளர்ந்து இரத்த ஓட்டத்துக்கு வருகின்றன. ஒரு சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். ஆகவே ஓயாமல் புதிய கன்றுகள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

நர்சரியில் நஞ்சு கலந்தால் என்ன நடக்கும்? காட்டில் நிற்கும் மரங்கள் அன்றே சாய்வதில்லை. பார்ப்பவர்கள் எல்லாம் நன்றாக இருப்பதாகவே நினைப்பார்கள். ஆனால் புதுக்கன்று வருவது குறைந்துகொண்டே போகும். உடலில் இதுவே கடுமையான சோகை நோய். முகம் வெளுக்கும், சிறு வேலைக்கும் மூச்சு வாங்கும், காய்ச்சல் அடிக்கடி வரும், ஈறில் இரத்தம் கசியும், அடிபடாமலே தோலில் நீலத் தழும்பு தோன்றும்.

இன்னொரு கேடும் உண்டு. கன்றுகள் அழிந்த பாத்தியில் லாலான் புல் மண்டுவது போல, கெட்டுப்போன அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகலாம். அதுவே இரத்தப் புற்றுநோய். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் இன்று ஐயமில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, உறுதியாக நிறுவப்பட்டவை அடங்கிய முதல் பிரிவில் இதை வைத்திருக்கிறது. நஞ்சு உள்ளே போன நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிடக்கூடும். அதனால்தான் காரணத்தையும் காரியத்தையும் நம்மால் முடிச்சுப்போட முடிவதில்லை.

இது எப்படித் தெரிய வந்தது என்பது கேட்க வேண்டிய கதை. அதிலே ரப்பரும் வருகிறது. பென்சீன் ரப்பரை நன்றாகக் கரைக்கும். அதனால் ரப்பர்ப் பொருள் செய்யும் ஆலைகள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தின. சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் சைக்கிள் டயர் செய்யும் ஆலையில் வேலை பார்த்த இளம் பெண்கள் சிலர், உடலில் இரத்தம் ஊறாமல் வெளுத்து இறந்துபோனார்கள். சாண்டெசன் என்னும் மருத்துவர் 1897இல் அதை எழுதி வைத்தார்.

பின்னர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், இயற்கை ரப்பரிலிருந்து பிளையோஃபிலிம் என்னும் மெல்லிய பொதிதாளைச் செய்தார்கள். அதற்கும் பென்சீனே கரைப்பான். 1940களில் அங்கே வேலை செய்தவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த பீட்டர் இன்ஃபாண்டே குழுவினர், 1977இல் முடிவை வெளியிட்டார்கள். மற்ற மக்களிடையே எதிர்பார்க்கக்கூடியதைப் போல் குறைந்தது 5 மடங்கு அத்தொழிலாளர்கள் இரத்தப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு இந்த மலாயா மண்ணில் விளைந்த காலம் ஒன்று உண்டு. நம் பாட்டனும் பாட்டியும் இருட்டோடு எழுந்து சீவிய பால் கடல் கடந்து எந்த ஆலைக்குப் போயிற்றோ, அங்கே யார் மூச்சில் இந்த நஞ்சு கலந்ததோ, அவர்கள் அறியமாட்டார்கள். உழைப்பவர் நிலை எங்கும் ஒன்றுதான்.

துருக்கியிலும் இதே கதை. இஸ்தான்புல் நகரத்துச் செருப்புப் பட்டறைகளில் 1950களில் பென்சீன் கலந்த பசை பழக்கத்துக்கு வந்தது. சிறிய அறை, அடைத்த சன்னல், திறந்த பசைக் கிண்ணம். முஸஃபர் அக்சாய் என்னும் மருத்துவர் 1974இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பட்டறைத் தொழிலாளர்களில் 26 பேர் இரத்தப் புற்றுநோய்க்கோ அதன் முன்னிலைக்கோ ஆளாகியிருந்ததைக் காட்டினார். பென்சீனை விலக்கிய பிறகு அங்கே நோயும் குறைந்தது. இதை நாம் நன்றாக மனத்தில் வைக்க வேண்டும். இது விதியால் வரும் நோய் அன்று. தடுத்தால் நிற்கும் நோய்.

அப்படியானால் சட்டம் உடனே விழித்துக்கொண்டதா? இல்லை. முழுக்கப் பாதுகாப்பான அளவு என்றால் அது சுழியம்தான் என்னும் கருத்து, அமெரிக்க எண்ணெய்த் தொழிலினரின் சங்கமே 1948இல் வெளியிட்ட குறிப்பில் இருந்தது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1971இல் பென்சீனுக்கென்றே ஓர் ஒப்பந்தம் நிறைவேற்றி, கருவுற்ற பெண்களையும் பாலூட்டும் தாய்மார்களையும் இந்த வேலையில் வைக்கக்கூடாது என்றது. அமெரிக்காவில் தொழிலிடக் காற்றில் 10 இலட்சம் பங்குக்கு 10 பங்கு என்று இருந்த வரம்பை 1 பங்காகக் குறைக்க அரசு 1978இல் முயன்றது. வழக்கு நடந்து, 1980இல் உச்சநீதிமன்றம் அந்த விதியைத் தள்ளிவிட்டது. அந்த 1 பங்கு வரம்பு நடப்புக்கு வந்தது 1987இல்தான். உண்மை தெரிந்த பின்னும் எத்தனை ஆண்டுகள் கழிந்தன, பாருங்கள்! அந்த ஆண்டுகளிலெல்லாம் தொழிலாளர்கள் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதைக் கேட்டு யாரும் வீணாக நடுங்க வேண்டியதில்லை. பெட்ரோல் நிலையத்தில் ஒரு நிமிடம் வாடை பட்டதால் புற்றுநோய் வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. எவ்வளவு, எத்தனை முறை, எத்தனை ஆண்டு என்பதைப் பொறுத்தே ஆபத்து. ஆனால் ஒன்று. "எனக்கு வாடையே தெரியவில்லை" என்று பலர் சொல்வார்கள். நாள்தோறும் முகர்ந்தால் மூக்கு பழகிவிடும். மேலே சொன்ன 1 பங்கு அளவில் பலருடைய மூக்குக்கு எதுவும் தெரியாது. மூக்கு மறந்ததை எலும்பு மறப்பதில்லை.

இனி, நம் வீட்டில் செய்யக்கூடியவை.

முதலாவது, பெட்ரோலை வாயால் உறிஞ்சுவதை இன்றோடு நிறுத்துங்கள். பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒரு மிடறு தவறி நுரையீரலுக்குள் போனால், பல ஆண்டு கழித்தல்ல, அன்றைக்கே உயிருக்குக் கேடு. இரும்புக்கடையில் மலிவான கைப்பம்பு கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது பெட்ரோலை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் புகுந்துவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

இரண்டாவது, பெட்ரோலால் கை கழுவாதீர்கள். சாயப்பிசுக்கு இருந்தால் சமையல் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சற்று நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். பெட்ரோல் நனைந்த சட்டையை உடனே மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, பெட்ரோலைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டுக்குள்ளும், அடுப்புக்கு அருகிலும், பிள்ளைகள் படுக்கும் அறையிலும் வைக்காதீர்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து தங்கும். தரையில் பாய் விரித்துப் படுப்பது யார் என்று எண்ணிப் பாருங்கள்.

நான்காவது, வீட்டுக்குள் புகைபிடிக்காதீர்கள். தகப்பன் விடும் புகையில் பிள்ளைக்கும் பங்கு போகிறது.

ஐந்தாவது, தோட்டத்தை விட்டுப் பட்டணத்து ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பசை, தின்னர், சாயம் புழங்கும் இடத்தில், "தகரத்தில் இருப்பது என்ன?" என்று கேட்கட்டும். அப்படிக் கேட்பது துடுக்குத்தனம் அன்று. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருப்பதே அதற்காகத்தான். மூக்கில் துணி கட்டிக்கொண்டால் போதும் என்று எண்ண வேண்டாம். துணி தூசியைத் தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது.

கடைசியாக ஒன்று. நாம் மேலே சொன்ன வெளுப்பு, ஓயாத காய்ச்சல், காரணமில்லாத தழும்பு இவை தோன்றினால், கைவைத்தியம் செய்து நாளைக் கடத்தாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும், "இத்தனை ஆண்டு இன்ன வேலை செய்தேன், இன்ன பொருளைக் கையாண்டேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். பழைய வேலைச் சீட்டுகளையும் சம்பளச் சீட்டுகளையும் வீசிவிடாதீர்கள். சொக்சோ திட்டத்துக்கு அடிப்படையான 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில், தொழிலால் வரும் நோய்களின் பட்டியலில் பென்சீனால் வரும் நோயும் இடம் பெற்றிருக்கிறது. ஆனால் எந்த வேலை, எத்தனை ஆண்டு என்று காட்ட ஒரு தாளாவது கையில் வேண்டும். நோய் வந்த நாளில் தேடினால் கிடைக்காது.

அந்த மீன்தொட்டியை அன்று எப்படிக் காலி செய்தோம் என்று கேட்பீர்கள். குழாய் முழுவதையும் தண்ணீருக்குள் அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்துக் கீழே இறக்கினோம். வாய் வைக்காமலே தண்ணீர் தானாக ஓடிற்று. "வாயே வைக்க வேண்டாமா, ஐயா?" என்று அந்த மாணவன் வியந்தான். மறுவாரம் வந்து, "அப்பா பம்பு வாங்கிவிட்டார்" என்றான். ஒரு வீட்டில் அந்தப் பழக்கம் நின்றது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டிலும் இன்றோடு நிற்கட்டும்.