கூடாரத்துக்குள் பெய்யும் பனி

"நல்ல விடுதி இருக்கும்போது, உறைபனியில் ஒரு துணிக்குள் படுத்து நடுங்கக் காசு கொடுக்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் என்ன கோளாறு?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அந்தக் கோளாறு எனக்கும் உண்டு என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

உத்தராகண்டில், உத்தரகாசி மாவட்டத்துச் சாங்க்ரி கிராமத்திலிருந்து கேதார்காந்தா உச்சிக்கு ஏறுவார்கள். சுமார் 12,500 அடி. ஒரு ஜனவரியில் நண்பர் ஒருவரோடு நானும் போனேன். வழியில் ஜூடா கா தாலாப் என்ற குளம் பாளமாக உறைந்து கிடந்தது. அதன் பக்கத்தில் டெண்ட். எப்படி அடிப்பது என்பதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, விட்டுவிடுகிறேன்.

குளிருக்குப் பயந்து, இருந்த ஜிப்பையெல்லாம் இழுத்து மூடிவிட்டுப் படுத்தோம். விடிய மூன்று மணி இருக்கும். நண்பர் புரண்டதில் முழங்கை டெண்டில் இடிக்க, முகத்தில் பொலபொலவென்று பனி கொட்டியது. டார்ச்சை அடித்தால் உட்கூரை முழுக்கத் தேங்காய்த் துருவலை அப்பியதுபோல வெள்ளை. தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது, அத்தனை நட்சத்திரம். வெளியே ஒரு பொட்டுப் பனி விழவில்லை. உள்ளே பெய்தது எங்கள் இருவரின் மூச்சு!

இட்லிப் பானை மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவி மூடியில் பட்டு நீராகி, இட்லி மேல் சொட்டிக் கொழகொழவென்று ஆக்கிவிடும். அம்மா அதற்காகவே மூடிக்கடியில் துணி கட்டுவாள். தூங்கும் ஆள் மூச்சிலேயே ஓரிரவில் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீரை வெளியே விடுகிறார். டெண்டின் 'மூடி' பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்திருப்பதால் ஆவி அங்கே நேராகப் பனித்துகளாகிவிடுகிறது. நல்ல டெண்டுக்கு இரண்டு தோல் இருப்பது இதற்குத்தான்: உள்துணி ஆவியை வெளியே விடும், வெளித்துணி வாங்கிக்கொள்ளும். ஆனால் காற்றுத் திறப்பை மூடிவிட்டால் எத்தனை தோல் இருந்தும் பயனில்லை.

"மூடினால்தான் அங்கிள் குளிரும்" என்று காலையில் சிரித்தான் வழிகாட்டிப் பையன். ஸ்லீப்பிங் பேக்கில் நம்மைக் காப்பது இறகு அல்ல, இறகுகளுக்கிடையே அடைபட்ட காற்று. ஈரம் பட்டால் இறகு கட்டிதட்டி, காற்று போய்விடும். முதுகுக்கடியில் நம் எடையே இறகை நசுக்கிவிடுவதால் தரை சூட்டை உறிஞ்சும். ஃபோம் பாய் அவசியம். மார்கழியில் சிமென்ட் தரையில் பாய்க்கடியில் சாக்கு விரித்த என் பாட்டிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மூச்சுப் பனியின் முழு ருசியைக் கண்டவர்கள் ஸ்காட்டின் அண்டார்டிகா குழுவில் இருந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கராட் மூவரும். 1911-இல், பகலே விடியாத நடுக்குளிர்காலத்தில், எம்பரர் பெங்குவின் முட்டை தேடிக் கேப் குரோசியருக்கு நடந்தார்கள். குளிர் மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. மூச்சும் வியர்வையும் மான்தோல் படுக்கைப் பைகளுக்குள்ளேயே உறைந்து, திரும்புகையில் பைகளின் எடை இரட்டிப்புக்கும் மேலே போயிருந்தது. இரவில் அந்தப் பலகைக்குள் உடல் சூட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கித்தான் நுழைய வேண்டும். நடுவில் புயல் டெண்டையே தூக்கிக்கொண்டு போனது; நல்லகாலம், சரிவில் கிடந்து கிடைத்தது. இத்தனைக்கும் கொண்டுவந்தது மூன்று முட்டைகள். 1922-இல் செர்ரி-கராட் எழுதிய புத்தகத்தின் பெயரே 'உலகின் மிக மோசமான பயணம்'.

இப்போது பனிமலைக்குப் போகிறவர்களில் சிலர் டெண்டுக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு, டெண்டையும் இழுத்து மூடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இன்னொரு கூட்டம் நூடுல்ஸ் உறையைப் பனிக்கடியில் புதைத்துவிட்டு வருகிறது. பனி உருகும் என்பதுகூடவா தெரியாது? புக்யால் எனப்படும் மலைப் புல்வெளிகளில் இரவு தங்கவே 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தடை போட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, நீதிமன்றத்தின் மேல் அல்ல.

அப்படியென்ன இன்பம் என்றால், கொசு இல்லை. புதுப்பனி சத்தத்தைக் குடித்துவிடுவதால் பக்கத்து டெண்ட் குறட்டைகூடத் தூரத்தில் கேட்கும். மூக்கு நுனி மட்டும் விறைத்திருக்க, மற்றதெல்லாம் நம் சூட்டிலேயே கதகதவென்றிருக்கும். அடுப்பும் நாமே, குளிர்காய்வதும் நாமே.

வாசகர் மனம் மாறிக் கிளம்பினால் ஒன்று: இரவில் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி வையுங்கள். ஐஸ் மேலிருந்துதான் கட்டும்; காலையில் நிமிர்த்தினால் வாய்ப்பக்கம் தண்ணீர் இருக்கும்.