பரிவர்த்தனைச் செயலாக்க முறைமைகளில் இயக்கப் பதிவும் தணிக்கைச் செய்தியும்

ஆய்வுச் சுருக்கம்

பணம், இருப்பு, கணக்கு ஆகியவற்றின் பரிவர்த்தனைகளைக் கையாளும் கணினி முறைமைகள் இருவகைக் குறிப்புகளை எழுதுகின்றன. ஒன்று, பழுது காண உதவும் இயக்கப் பதிவு. மற்றொன்று, எதனை, யார், எப்போது மாற்றினார் என்பதற்குச் சான்றாகும் தணிக்கைச் செய்தி. இரண்டையும் ஒரே அமைவுக்குள் அடக்கினால் சான்று வலுவிழக்கும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பரிவர்த்தனை, இயக்கப் பதிவு, தணிக்கைத் தடம், தரவுத்தளம், ஹொரைசன்.

முன்னுரை

பிரித்தானிய அஞ்சல் நிறுவனம் 1999 முதல் ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளில் நிறுவியது. 1999 முதல் 2015 வரை, துணை அஞ்சல் அலுவலர்கள் 900-க்கும் மேற்பட்டோர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவற்றுள் மிகப் பல வழக்குகளில் அம்மென்பொருள் காட்டிய பற்றாக்குறையே ஆதாரமாயிற்று. மென்பொருளைப் பராமரித்த புஜித்சு நிறுவனப் பணியாளர்கள், கிளை அலுவலர் அறியாமலே தொலைவிலிருந்து பரிவர்த்தனைகளைச் சேர்க்க இயன்றது என்பதை இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் உறுதிசெய்தது. மென்பொருளின் முந்தைய வடிவில், அவை கிளை அலுவலரே செய்தவைபோலத் தோன்றவும் இடமிருந்தது. தணிக்கைத் தடத்தின் அமைப்பு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இவ்வழக்கு தக்க சான்றாகும்.

பதிவின் நிலைகள்

சிஸ்லாக் நெறிமுறை, செய்திகளை 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பகுக்கிறது. 0 மிகக் கடுமையான நெருக்கடியையும் 7 பிழைநீக்கக் குறிப்பையும் சுட்டும். நிர்வாகி வகுக்கும் எல்லைக்கு அப்பாற்பட்ட செய்திகள் எழுதப்படுவதில்லை. வட்டில் இடம் குறையும்போது செய்திகளைக் குறைப்பதும் பழைய கோப்புகளை நீக்குவதும் இயல்பு. இயக்கப் பதிவுக்கு இது பொருந்தும். தணிக்கைச் செய்தி இத்தகைய வடிகட்டலுக்கு உட்படலாகாது. அதற்குத் தனிக் கோப்பும் தனிக் காப்புக்காலமும் வேண்டும்.

பரிவர்த்தனையின் எல்லை

தணிக்கைக் குறிப்பைப் பரிவர்த்தனைக்குள்ளேயே ஓர் அட்டவணையில் எழுதினால், பரிவர்த்தனை கைவிடப்படும்போது குறிப்பும் உடன் மறையும். தோல்வியுற்ற முயற்சிகளே பல வேளைகளில் விசாரணைக்குத் தேவைப்படுபவை. மாறாக, பரிவர்த்தனைக்கு வெளியே மட்டும் எழுதினால், நிகழாத மாற்றம் நிகழ்ந்ததாகக் குறிப்பு காட்டக்கூடும். எனவே முயற்சியை வெளியேயும் நிறைவேற்றத்தை உள்ளேயும் பதிந்து, ஒரே பரிவர்த்தனை எண்ணால் இரண்டையும் இணைத்தல் தகும். ஆரக்கிள் தரவுத்தளத்தின் தன்னாட்சிப் பரிவர்த்தனை இதற்கு உதவும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பிஜிஆடிட் நீட்சி, சேவையகப் பதிவில் எழுதுவதால், கைவிடப்பட்ட கட்டளையின் தடமும் எஞ்சும். எனினும் அக்கோப்பு இயக்கப் பதிவோடு கலந்திருப்பதால், தணிக்கை வரிகளைப் பிரித்து வேறிடத்தில் சேமித்தல் வேண்டும்.

செய்தியின் உள்ளடக்கம்

போஸ்ட்கிரெஸ் தன் இயல்பான அமைவில் ஒவ்வொரு வரியின் முன்னும் நேரத்தையும் செயல்முறை எண்ணையும் மட்டுமே இடுகிறது. பயனர் பெயர், தரவுத்தளப் பெயர், இணைந்த கணினியின் முகவரி ஆகியவற்றை நிர்வாகியே சேர்க்க வேண்டும். அவ்வாறு சேர்த்தாலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. செயலி பொதுவான ஒரே கணக்கின்வழி இணையுமாயின், தரவுத்தளம் அக்கணக்கை மட்டுமே அறியும். விசைப்பலகையின் முன் அமர்ந்தவரை அறியாது. ஆதலால் உண்மைப் பயனரின் அடையாளத்தைச் செயலி ஒவ்வொரு பரிவர்த்தனையோடும் அனுப்புதல் வேண்டும். பராமரிப்புப் பணியாளரின் செயல்கள் அவர் பெயரிலேயே பதிவாக வேண்டும். கடவுச்சொல், முழு அட்டை எண் ஆகியன எப்பதிவிலும் இடம்பெறலாகாது.

சட்டத் தேவைகள்

இந்தியாவில் நிறுமங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியுடன் பதிய வேண்டும். அத்தடத்தை முடக்க இயலாதிருத்தலும் வேண்டும். கணினி முறைமைகளின் பதிவுகளை 180 நாள்கள் காத்தல் வேண்டும் என 2022ஆம் ஆண்டின் செர்ட்-இன் ஆணை பணிக்கிறது.

முடிவுரை

இயக்கப் பதிவு பராமரிப்பாளருக்கு உதவுவது; தணிக்கைச் செய்தி பராமரிப்பாளரின் செயலுக்கும் சான்றாவது. ஆகவே தரவுத்தள நிர்வாகியே அழிக்கவோ நிறுத்தவோ இயலாத இடத்தில் தணிக்கைச் செய்திகளைச் சேமிப்பது அடிப்படைத் தேவையாகும். இவ்வேறுபாட்டை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே உறுதிசெய்யாத முறைமையில், குற்றம் சாட்டப்பட்டவர் தம் பக்கத்து உண்மையை நிறுவுதல் அரிது.