புது காம்ப்ளெக்ஸ் சுவரில் மழைநீர் கசிவது ஏன்? வெளிப்பூச்சு தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை என்னென்ன?

கடைகளை வாடகைக்கு விட்டு ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஐப்பசி மழையில் ஜன்னல் ஓரமாக ஈரம் இறங்கும். தூண் இருக்கும் இடத்தில் நேர்கோடு போட்டது போல ஒரு விரிசல் ஓடும். பெயர்ப் பலகைக்குப் பின்னால் பெயின்ட் உப்பி நிற்கும். 'கொத்தனார் சரியில்லை' என்று சொல்லிவிட்டு மேலே ஒரு கோட் பெயின்ட் அடிப்பதுதான் வழக்கம். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே விரிசல் வரும்.

இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை கொத்தனார் கரணையைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. வேலையை எந்த மாதம் தொடங்குகிறோம், பைப்பும் ஏ.சி.யும் எங்கே வரப்போகின்றன, தண்ணீருக்கு என்ன வழி வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் அதில் அடக்கம்.

இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை. 20 மில்லிமீட்டர் கனமுள்ள சிமென்ட் பூச்சு, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 40 கிலோ எடை இருக்கும். மூன்றாவது மாடியில் பிடிப்பு விட்ட ஒரு துண்டு விழுந்தால், கீழே பிளாட்பாரத்தில் ஆள் நடந்துகொண்டிருப்பார். வணிகக் கட்டடத்தின் வெளிப்பூச்சை எப்படித் திட்டமிட வேண்டும் என்று விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்டக்கோ என்றால் என்ன?

வெளிநாடுகளில் ஸ்டக்கோ என்று அழைப்பதைத்தான் நம்ம ஊர் கொத்தனார்கள் வெளிப்பூச்சு என்கிறார்கள். சிமென்ட் அல்லது சுண்ணாம்போடு மணலும் தண்ணீரும் கலந்து, சுவரின் வெளிப்பக்கம் அடுக்கடுக்காகப் பூசும் பூச்சு இது. தமிழில் இதற்குச் சுதை என்று பழைய சொல்லே இருக்கிறது. கோபுரங்களில் நிற்கும் வண்ணச் சிலைகள் சுதைச் சிற்பங்கள்தான். பளிங்கு போல மின்னிய மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்து வியந்த ஆங்கிலேயர்கள், அந்தச் சொல்லையே 'சுனாம்' என்று தங்கள் மொழிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது பெரும்பாலும் சிமென்ட் பூச்சுதான். இரண்டு கோட், மொத்தம் சுமார் 20 மி.மீ. கனம் என்பது நம்மூரில் பரவலாக உள்ள வழக்கம்.

உள்ளே போன தண்ணீர் எப்படி வெளியே வரும்?

வெளிப்பூச்சு போட்டால் தண்ணீர் உள்ளே வராது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிமென்ட் பூச்சு தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். குடித்த தண்ணீர் காய்ந்து வெளியேற வேண்டும். ஜன்னல் விளிம்பு, பைப் துளை வழியாக நுழையும் தண்ணீருக்கும் வெளியே போக வழி இருக்க வேண்டும்.

வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கனடாவின் வான்கூவர் பெரிய உதாரணம். 1980, 90-களில் அங்கே கட்டப்பட்ட ஏராளமான அடுக்குமாடிகளில் ஸ்டக்கோ வெளிச்சுவர் இருந்தது. மழை கொட்டும் ஊரில், சுவரைக் காக்கும் கூரை நீட்சி பல கட்டடங்களில் இல்லை. ஜன்னல் ஓரமாக உள்ளே போன தண்ணீர் வெளியேற முடியாமல் தேங்கியதால், உள்ளே இருந்த மரச் சட்டங்கள் அழுகின. கட்டடங்களை முழுசாகத் தார்ப்பாய் போட்டு மூடி, வெளிச்சுவரைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்தவர்கள் தலையில் ரிப்பேர் செலவும் விழுந்தது. முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் 1998-ல் விசாரணை ஆணையம் அமைக்கும் அளவுக்கு விவகாரம் போனது.

நம்மூர் கட்டடம் செங்கல்லும் கான்கிரீட்டும். மரம் அழுகும் பயம் இல்லை. ஆனால் அதே ஜன்னல் ஓரத் தண்ணீர் இங்கே கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு கம்பியின் பருமனைக் கூட்டும், கான்கிரீட் வெடிக்கும், பூச்சும் சேர்ந்து கழன்று விழும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இதை இன்னும் வேகப்படுத்துகிறது.

அதனால் சன்ஷேடின் அடிப்பக்கம், விளிம்பை ஒட்டி ஒரு காடி விட வேண்டும். மழைத்தண்ணீர் சுவரை நோக்கி ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். ஜன்னல் அடிக்கட்டை வெளிப்பக்கம் சாய்வாக இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் மட்டம் மொட்டை மாடி பக்கம் சரிந்திருந்தால், தெருப்பக்கச் சுவரில் அழுக்குக் கோடு இறங்காது. செலவு என்று பார்த்தால் ஒண்ணுமே இல்லை. பூசி முடித்த பிறகு செய்யணும் என்றால்தான் கஷ்டம்.

காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் அது தொடங்கும். செப்டம்பர் இறுதிக்குள் பெயின்ட் முடிய வேண்டும் என்றால், செப்டம்பர் 10 வாக்கில் பெயின்ட் தொடங்கணும். புதுப் பூச்சு நன்றாகக் காய்ந்து இறுக 28 நாள் விடுவது நல்லது. அப்படியானால் ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் கடைசிப் பூச்சு முடிந்திருக்க வேண்டும். பூச்சு வேலைக்கு ஒன்றரை மாதம் என்று வைத்தால், ஜூன் கடைசியிலேயே முதல் கோட் ஆரம்பம்.

தீபாவளிக்குக் கடை திறக்கணும் என்ற அவசரத்தில் இந்த 28 நாளைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். ஈரம் காயாத சுவரில் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் உப்பு பூக்கும், பெயின்ட் தோல் உரியும். கன்னியாகுமரி, நீலகிரி போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமும் வலுவாக இருப்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே கோடையிலேயே வேலையை முடிப்பது நல்லது.

வெயிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரை மதியத்துக்கு மேலும் பூசினால், நேரடி வெயில் படாமல் பூச்சு இறுகும். பூசிய பிறகு குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். நான்கு மாடிக்கு மேலே அந்தத் தண்ணீர் எப்படிப் போகும், யார் அடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை யார் என்பதையும் சேர்த்து!

எவ்வளவு சிமென்ட் ஆகும்?

10,000 சதுர அடி சுவருக்கு 20 மி.மீ. பூச்சு, 1:5 கலவை என்றால் சுமார் 120 மூட்டை சிமென்ட் வேண்டும். செங்கல் சந்துகள் குடிப்பது, கீழே சிந்துவது எல்லாம் சேர்த்து 140 மூட்டை வரை போகும்.

சுவர் தூக்கு இல்லாமல் சாய்ந்திருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். மட்டம் பிடிக்கச் சராசரியாக 10 மி.மீ. கூடுதலாகப் பூச வேண்டியிருந்தால், அதற்கு மட்டும் இன்னும் 60 மூட்டை ஆகும். கனம் கூடக்கூடப் பூச்சு தன் எடையிலேயே கழன்று விழும் ஆபத்தும் உண்டு. அதனால் மேலிருந்து தூக்குக் குண்டு விட்டுச் சுவரைப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

'சிமென்ட் தூக்கலா போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்' என்பதும் தப்புக் கணக்கு. சிமென்ட் கூடினால் பூச்சு காயும்போது அதிகம் சுருங்கும். சிலந்தி வலை மாதிரி வரும் மெல்லிய விரிசல்களுக்கு இது முக்கியக் காரணம். மணலில் பூச்சுக்கென்றே வரும் பி சாண்டைத்தான் வாங்க வேண்டும், கான்கிரீட்டுக்கான எம் சாண்ட் இதற்குச் சரிவராது. கலந்து அரை மணி நேரம் தாண்டிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பூசவும் விடக் கூடாது.

தூண் ஓரத்தில் மட்டும் விரிசல் ஏன்?

வெயிலில் கான்கிரீட் தூண் விரிவது ஒரு அளவு, செங்கல் சுவர் விரிவது வேறு அளவு. இரண்டும் சேரும் கோட்டில் பூச்சு இழுபட்டு விரியும். அந்தச் சேர்க்கையில் இரண்டு பக்கமும் 15 சென்டிமீட்டர் வருவது மாதிரி வலை அடித்துப் பூசினால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். கோழி வலை என்றால் துத்தநாகம் பூசியது வேண்டும், கடலோரம் என்றால் ஃபைபர் வலை நல்லது. வழவழப்பான கான்கிரீட்டைக் கொத்திவிடாமல் பூசினால் பிடிப்பே இருக்காது.

வணிகக் கட்டடத்துக்கே உரிய ஒரு தலைவலி, பெயர்ப் பலகை. பூச்சும் பெயின்டும் முடிந்த பிறகு கடைக்காரர் வருவார், டிரில் மெஷினும் கூடவே வரும். ஏ.சி. அவுட்டோர் யூனிட், கேபிள், சி.சி.டி.வி. என்று ஒரே சுவரில் ஐம்பது ஓட்டை விழுந்துவிடும். எந்த மாடியில் எந்த இடத்தில் பலகை வரும் என்று முன்பே குறித்து, அங்கே இரும்புத் தகட்டைப் பூச்சுக்கு முன்பே பொருத்தலாம். ஏ.சி. பைப்புக்கு வெளிப்பக்கம் சரிந்த குழாய் ஒன்றை வைத்துவிட்டால் போதும்.

சாரம் கட்டும்போது

சவுக்குக் கட்டையைச் சுவரில் சொருகிக் கட்டும் ஒற்றைச் சாரம் மலிவானது. ஆனால் அந்த ஓட்டைகளைச் சாரம் பிரிக்கும்போது அவசரமாக அடைப்பார்கள். பின்னாளில் கசிவது பல நேரம் அங்கேதான். சுவரைத் தொடாமல் தனியாக நிற்கும் இரட்டை வரிசைச் சாரத்துக்கு வாடகை கூடும்தான், இருந்தாலும் சுவர் தப்பிக்கும். வலை, பெல்ட், கீழே நடப்பவர்களுக்கான தகரத் தடுப்பு இவற்றுக்கான பணத்தை மதிப்பீட்டில் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். மொத்தத்தில் சேர்த்துவிட்டால் முதலில் காணாமல் போவது அதுதான். கீழ்த்தளத்தில் ஏற்கெனவே கடை ஓடுகிறது என்றால், எந்த வாரம் எந்தக் கடை முன்னால் சாரம் நிற்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கடைசித் தவணையை எப்போது தருவது?

முழுச் சுவருக்கும் முன்னால் 10-க்கு 10 அடியில் ஒரு மாதிரிப் பூச்சு போடச் சொல்லி, கனம், மட்டம், மேற்பரப்பு மூன்றையும் அங்கேயே பேசி முடிக்கலாம். ஜன்னல் திறப்புகளைக் கழித்து அளப்பதா, கழிக்காமல் அளப்பதா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான்.

பூச்சு காய்ந்ததும், சாரம் பிரிப்பதற்கு முன்னால், சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். 'டொப் டொப்' என்று பொள்ளல் சத்தம் வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை, உடைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, முதல் பருவமழை முடிந்த பின் ஜனவரியில் ஜன்னல் ஓரங்களையும் தூண் ஓரங்களையும் பார்த்துவிட்டுத் தருவதாக முதலிலேயே பேசிக்கொள்ளலாம்.