பழைய பிக்கப் வண்டியை விற்கும் முன்

கார்த்திகைத் தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில் விலை பேசும் விதம் சுற்றுவட்டார உழவர்கள் நன்கு அறிந்ததே. பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்க விட்டுப் பார்ப்பார்கள். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை சொல்வார். விலை படிந்து, பணம் கைமாறி, மாட்டை ஓட்டிச் சென்றுவிட்டால் விற்றவர் பொறுப்பு அதோடு தீர்ந்தது.

செங்கம், போளூர், தண்டராம்பட்டுப் பகுதிகளில் மாட்டு வண்டி நின்ற பல வாசல்களில் இன்று பிக்கப் வண்டி நிற்கிறது. 2005-ல் விற்பனைக்கு வந்து 'குட்டி யானை' என்று பெயர் பெற்ற டாட்டா ஏஸ் போன்ற வண்டிகள் நெல், நிலக்கடலை, காய்கறி ஏற்றி உழைத்து இப்போது பழையதாகிவிட்டன. இவற்றை விற்கும்போதும் மாட்டை விற்பது போலவே பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

எந்தப் பழுதைப் பார்ப்பது?

விற்கப்போகும் வண்டிக்குப் பெருஞ்செலவு செய்வது வீண். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். எனவே எஃப்.சி.க்குத் தடையாக நிற்கும் சிறு பழுதுகளை மட்டும் முதலில் சரிசெய்வது நலம். எரியாத ஹெட்லைட், இண்டிகேட்டர், தேய்ந்த பிரேக் லைனிங், ஒலிக்காத ஹாரன், ஓடாத வைப்பர், ஓட்டை விழுந்த சைலன்சர் ஆகியவை இந்த வகை. பேட்டரி இறங்கியிருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்யும் வண்டிக்கு நல்ல விலை கேட்பவர் இல்லை.

கிளட்ச் தேய்மானம், இன்ஜின் ஆயில் கசிவு, பின்தொட்டியில் துரு போன்றவற்றை மெக்கானிக்கிடம் காட்டி, ஆகும் செலவைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அதை வாங்குபவரிடம் காட்டி, விலையில் கழித்துப் பேசுவதே நேர்மையான வழி. புது பெயின்ட் அடித்துத் துருவை மறைத்தால் வாங்க வருபவருக்குச் சந்தேகம்தான் கூடும்.

பெயர் மாறும் வரை பொறுப்பு

மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே வண்டியின் உரிமையாளர். 2007-ல் விற்கப்பட்ட ஒரு கார் பல கைகள் மாறி, 2009-ல் விபத்துக்குள்ளானது. ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறவில்லை. முதலில் விற்றவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டிக்கு இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தால் இத்தகைய நஷ்டஈடு விற்றவரின் நிலத்தையே விலையாகக் கேட்கக்கூடும்.

ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குரிய படிவங்கள் 29, 30 ஆகியவற்றில் இருவரும் கையெழுத்திட வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவரும், 30 நாட்களுக்குள் வாங்கியவரும் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தேதி எழுதாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தரகரிடம் விட்டுவிடக் கூடாது. வண்டிக் கடன் தீர்ந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து, ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்க வேண்டும். வாங்குபவர் கர்நாடகம், ஆந்திரம் போன்ற வெளிமாநிலத்தவர் என்றால் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று பெறுவது அவசியம். இன்சூரன்சைத் தம் பெயருக்கு மாற்ற, வாங்கியவர் 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும்.

வண்டியை ஒப்படைக்கும் நாளில் தேதி, நேரம், கிலோமீட்டர், சொல்லி விற்ற பழுதுகள் ஆகியவற்றைக் குறித்து டெலிவரி நோட் எழுதி, இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். வாங்குபவரின் அடையாள அட்டை நகலும் உடன் இருக்கட்டும். நிலுவையில் உள்ள வரி, அபராதம் யாருடையது என்பதையும் அன்றே தீர்த்துவிட வேண்டும்.

பேசிய விலையில் ஒரு பகுதியைப் பெயர் மாற்றம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்வதாக வைத்துக்கொண்டால் வாங்குபவரும் தாமதிக்க மாட்டார். மாடு கைமாறியதும் கணக்குத் தீரும். வண்டிக்கோ ஆர்.சி.யில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கணக்குத் தீரும்.