இருட்டில் திறந்து வைத்த ஷட்டர்

சித்திரை, வைகாசியில் கொடைரோட்டுக்காரர்கள் மின்னல் பார்க்க வெளியூர் போக வேண்டியதில்லை. ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் பழனி மலை. பகலெல்லாம் வெயிலில் சூடேறிய காற்று சரிவில் ஏறிக் குளிர்ந்து, பொழுது சாயும் நேரத்தில் இடிமேகமாகத் திரண்டு நிற்கும். அதைப் படமெடுக்கப் பழைய ஃபிலிம் கேமராவும் முக்காலியும் போதும்.

விரல் வேகமாக இருந்தால்தான் மின்னல் சிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே ஷட்டரை முன்கூட்டியே திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வேகத் திருகை 'பி'க்குத் திருப்பி, ஃபோகஸை முடிவிலியில் நிறுத்தி, கேபிள் ரிலீஸை அழுத்திப் பூட்டிவிட்டால் ஷட்டர் திறந்தே கிடக்கும். பென்டாக்ஸ் கே1000 போன்ற மெக்கானிக்கல் கேமராக்களில் இதற்கு பேட்டரிகூட வேண்டாம். இருட்டு ஃபிலிமில் பதியாது; மின்னல் பதியும். ஒன்றிரண்டு வெட்டியதும் மூடிவிட்டு அடுத்த ஃபிரேமுக்குச் சுற்றலாம்.

பத்து நொடி திறந்து வைத்தாலும் நாற்பது நொடி வைத்தாலும் மின்னல் கீற்றின் பிரகாசம் மாறாது. நாம் ஒரு மின்னல் என்று பார்ப்பது பெரும்பாலும் ஒரே பாதையில் அடுத்தடுத்துப் பாயும் மூன்று நான்கு பாய்ச்சல்கள். எல்லாம் சேர்ந்தே ஒரு நொடிக்குள் அடங்கிவிடும். அதன் பிரகாசத்தைக் கட்டுப்படுத்துவது லென்ஸின் துவாரம்தான். 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு எஃப்/8இல் தொடங்கலாம். தூரத்து மின்னலுக்கு 5.6, பக்கத்தில் என்றால் 11. நேரம் கூடக்கூட வெளுப்பது தெருவிளக்கும் ஸ்டேஷன் வெளிச்சமும்தான்.

1882இல் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ஜென்னிங்ஸ் மின்னலைப் படமெடுத்தார். ஓவியர்கள் அதுவரை போட்டுவந்த கோணல்மாணல் கோடு அதில் இல்லை. கிளைவிட்ட ஆறு போல இருந்தது. பிறகு 1930களில் தென்னாப்பிரிக்காவில் ஷோன்லாண்ட் என்ற இயற்பியலாளர், லென்ஸ் சுழலும் கேமராவைக் கொண்டு மின்னல் படிப்படியாக இறங்குவதையே பதிவு செய்தார். இப்படி எடுக்கத் தேவையான ஃபிலிம் நம் பக்கத்து ஊட்டியிலேயே 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் தயாரானது. அந்த ஆலை மூடிக்கிடக்கும் இன்று, வெளிநாட்டு ரோலுக்குக் கொடுக்கும் விலை கையைக் கடிக்கிறது.

மொட்டை மாடி மட்டும் வேண்டவே வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது நொடி என்றால் அது பத்து கிலோமீட்டர் தூரம்; அதற்கும் குறைந்தால் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். ஜன்னலைச் சாத்தி, கண்ணாடி வழியாகவே எடுக்கலாம். அறை விளக்கை அணைத்தால் கண்ணாடியில் பிரதிபலிப்பு விழாது. ஜன்னல் கம்பியில் கை படக்கூடாது.

ரோலின் முதல் ஃபிரேமில் பகல் வெளிச்சத்தில் ஏதாவதொன்றை எடுத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் ஃபிலிம் கழுவுகிற லேபில் ஃபிரேம் எங்கே முடிகிறதென்று தெரியாமல் மின்னலின் நடுவிலேயே கத்தரி போட்டுவிடுவார்கள்.