கவர்னர் ஆண்டர்சனும் கடல் கடந்த தமிழரும்

பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு முன்னாளில் பிட் வீதி என்று பெயர். அச்சாலையில் நின்று பள்ளிவாசலின் கும்மட்டங்களை நோக்குவோர், 1801-ஆம் ஆண்டில் கம்பெனியாரிடம் நிலம் பெற்ற கப்பித்தான் காதர் முகைதீனை நினைப்பது இயல்பு. அந்நிலத்தின் பிற்காலக் கதையிலே பங்கு கொண்ட சர் ஜான் ஆண்டர்சன் என்னும் கவர்னரை நினைப்பார் அரியர்.

ஸ்காட்லாந்தில் அபர்டீன் பகுதியில் 1858-ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். அபர்டீன் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1879-இல் லண்டன் குடியேற்ற நாட்டு அலுவலகத்தில் சேர்ந்தார். ஏறத்தாழ 25 ஆண்டுகள் காகிதக் கட்டுகளோடு காலம் கழித்தவரை 1904-இல் நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னராக அனுப்பினார்கள். அதற்குமுன் மலாயாவில் ஒருநாளும் அவர் பணியாற்றியதில்லை!

பள்ளிவாசல் வக்பு நிலத்தைப் பற்றி நெடுங்காலமாகவே வழக்குகளும் முறையீடுகளும் இருந்துவந்தன. தானமாக அளித்த நிலத்தில் வீடுகள் நெருங்கின. வருமானமோ பள்ளிவாசலுக்குச் சரிவரப் போய்ச் சேரவில்லை. 1905-ஆம் ஆண்டில் முகமதிய இந்து அறக்கட்டளைச் சட்டம் பிறந்தது. நிர்வாகம் அரசு நியமித்த வாரியத்தின் கைக்கு மாறியது. பின்னர் 1910-ஆம் ஆண்டை ஒட்டிப் பள்ளிவாசல் நியூபுரோனர் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி விரிவாக்கப் பெற்று இன்றைய பொலிவைக் கொண்டது. கணக்கு ஒழுங்காயிற்று என்பது மெய்யே. ஆனால் தம் முன்னோர் வைத்த தருமத்தை நிர்வகிக்கும் உரிமை சமூகத்தாரின் கையைவிட்டு நழுவியதும் மெய்யே. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லாத வரலாறு அரை வரலாறுதான்.

தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை அவர் காலம் இன்னும் முக்கியமானது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய ஒப்பந்தக் கூலி, வேலையை விட்டு ஓடினால் சிறை செல்ல நேரும். 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி இந்நிலையை மாற்றத் தொடங்கியது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்த முதலாளிகள் எல்லோரும் அந்நிதிக்கு வரி செலுத்தினர். அதிலிருந்தே கப்பற் கட்டணம் கொடுக்கப்பட்டது. ஆகவே கட்டணம் தொழிலாளி தலையிற் கடனாக ஏறவில்லை. ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து அவன் விலகவும் முடிந்தது. 1910-இல் ஒப்பந்த முறைக்கு ஆள் எடுப்பதே நின்றது. தோட்டக்காரர்களுக்கோ நஷ்டமில்லை. ரப்பருக்கு வேண்டிய ஆட்கள் கங்காணிமார் வழியே முன்னிலும் மிகுதியாக வந்து குவிந்தார்கள்!

1911-இல் லண்டன் திரும்பிக் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் நிரந்தரத் துணைச் செயலரானார் ஆண்டர்சன். 1916-இல் இலங்கைக் கவர்னராக மீண்டும் கீழ்த்திசைக்கு வந்தார். அதற்கு முந்திய ஆண்டு அங்கே சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே கலகம் மூண்டிருந்தது. தமிழகக் கடற்கரையிலிருந்து சென்ற முஸ்லிம் வணிகர் பலர் கடைகளை இழந்தனர். கலகத்தை அடக்க வந்தோர் விசாரணையின்றியே சிலரைச் சுட்டுக் கொன்றனர். இக்கொடுமையை எதிர்த்து நீதி கேட்டவர் சர் பொன்னம்பலம் இராமநாதன். புதிய கவர்னர் அச்சம்பவங்களை ஆராய்ந்து, சுட்டவர்களின் செயலைக் கடுமையாகக் கண்டித்து லண்டனுக்கு எழுதினார். தம் அரசின் அதிகாரத்தில் நிகழ்ந்ததையே கண்டித்தார் என்பது கருதத்தக்கது.

1918-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நுவரெலியாவிலே அவர் காலமானார்.