லீக்ஸா, டாஃபடிலா?

மார்ச் 1ஆம் தேதி வேல்ஸ்காரர்களின் சட்டையில் மஞ்சள் டாஃபடில் பூ இருக்கும். சிலர் லீக்ஸைக் குத்திக்கொண்டு வருவார்கள். ஊட்டியிலும் நுவரெலியாவிலும் விளைகிற அதே லீக்ஸ்தான். அன்று அவர்களுடைய பாதுகாவலரான புனித டேவிட்டின் திருநாள். ஊர்க்காரர்களுக்கு அவர் டெவி.

டேவிட் 6ஆம் நூற்றாண்டு ஆயர். வேல்ஸின் மேற்குக் கோடியில் மடம் அமைத்தார். இறைச்சியும் மதுவும் தொடாமல் ரொட்டி, கீரை, தண்ணீரோடு வாழ்ந்தார் என்பார்கள். 'என்பார்கள்' என்றுதான் சொல்ல முடியும். நமக்குக் கிடைக்கும் பழைய வாழ்க்கை வரலாறு அவர் மறைந்து ஏறக்குறைய 500 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. அவர் பிரசங்கம் செய்தபோது பின்னால் நின்றவர்களுக்கும் தெரியும்படி காலடி நிலம் குன்றாக எழும்பியதாம். மலைகளுக்குக் குறைவே இல்லாத அந்த வட்டாரத்தில் இன்னொரு குன்று எதற்கு என்று வேல்ஸ் வரலாற்றாசிரியர் ஜான் டேவிஸே கிண்டலடித்திருக்கிறார்.

லீக்ஸுக்கு ஒரு போர்க்களக் கதை உண்டு. எதிரியிடமிருந்து நம்மவர்களைப் பிரித்தறிய ஆளுக்கொரு லீக்ஸைச் செருகிக்கொள்ளுங்கள் என்று டேவிட் சொன்னாராம். இதற்குப் பழைய ஆதாரம் கிடையாது. ஆனால் 16ஆம் நூற்றாண்டு டியூடர் அரண்மனையிலேயே இந்த வழக்கம் இருந்தது. ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில், லீக்ஸைக் கேலி செய்தவனை அடித்து அதையே தின்னவைக்கிறார் ஒரு வேல்ஸ் படைத்தலைவர். ராயல் வெல்ஷ் படைப்பிரிவில் இன்றும் புதிய சிப்பாய்கள் இந்நாளில் பச்சை லீக்ஸைக் கடித்துத் தின்ன வேண்டும். மற்றவர்கள் வீட்டில் அது ஆட்டிறைச்சியோடு 'கவுல்' என்ற சூப்பில் வேகும். அதுதான் புத்திசாலித்தனம்.

டாஃபடில் பின்னால் வந்தது. மார்ச் தொடக்கத்தில் பூப்பது அதற்கு வசதி. மணமும் லீக்ஸைப் போல மூக்கைப் பிடிக்கவைக்காது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசியல்வாதி லாயிட் ஜார்ஜ் அதன் பக்கம் நின்ற பிறகு பூவுக்கு மவுசு கூடிவிட்டது. ஆனாலும் 2017இல் வந்த 12 பக்க ஒரு பவுண்டு நாணயத்தில் வேல்ஸுக்காக இடம்பிடித்தது லீக்ஸ்தான்.

பள்ளிச் சிறுமிகள் அன்று உயரமான கறுப்புத் தொப்பியும் சிவப்புச் சால்வையும் அணிவார்கள். கிராமத்துப் பெண்கள் ஒரு காலத்தில் உடுத்தியதுதான். அதைத் தேசிய உடையாக்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் லேடி லானோவர் என்ற சீமாட்டி. வெல்ஷ் மொழியையும் உடையையும் காக்க வேண்டும் என்று அவர் எழுதிய கட்டுரை 1834இல் கார்டிஃப் கலைவிழாவில் பரிசு வாங்கியது. பழைமை என்று நாம் நினைப்பதில் பாதி இப்படி யாரோ ஒருவரின் பிடிவாதத்தில் நிலைத்ததுதான்.

கொடியும் அப்படியே. செந்நிற டிராகன் கதை 9ஆம் நூற்றாண்டு ஏட்டிலேயே இருக்கிறது. 1485இல் ஹென்றி டியூடர் அதைக் கொடியில் ஏந்திப் போய் ஆங்கிலேய அரியணையைப் பிடித்தார். வெள்ளை, பச்சைப் பின்னணியில் டிராகன் நிற்கும் இன்றைய கொடிக்கு அதிகாரபூர்வ அங்கீகாரம் கிடைத்தது 1959இல்தான். பிரிட்டனின் யூனியன் ஜாக்கில் வேல்ஸுக்கு ஓர் அடையாளமும் இல்லை. அந்தக் கொடி உருவாகும் முன்பே, 1536இலும் 1542இலும் வந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்துவிட்டன.

இவ்வளவு ஊர்வலமும் பாட்டும் இருந்தும் மார்ச் 1 பொது விடுமுறை அல்ல. ஸ்காட்லாந்தில் புனித ஆண்ட்ரூ நாளும் வட அயர்லாந்தில் புனித பாட்ரிக் நாளும் விடுமுறைப் பட்டியலில் உண்டு. வேல்ஸ் சட்டமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே விடுமுறை கேட்டு ஒருமனதாக வாக்களித்தது. ஆனால் முடிவு லண்டன் கையில். எல்லை தாண்டி வேலைக்குப் போய்வருபவர்கள் ஏராளம், தொழில் பாதிக்கும் என்பது அங்கிருந்து வரும் பதில். வெல்ஷ் பேசுவோர் மிகுந்த வடமேற்கில் குவினெத் மாவட்ட மன்றம் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 2022இல் தன் ஊழியர்களுக்குத் தானே விடுமுறை விட்டுவிட்டது.